பஹ்ரி மீட்கப்பட்ட விதம்

வெளிநாட்டில் வேலை செய்யும் இலங்கையர் ஒருவர் இறந்தால் நடக்க வேண்டியது இது. வேலை கொடுத்தவர் உடனே தூதரகத்துக்கு அறிவிக்க வேண்டும். மருத்துவர் மரணத்தின் காரணத்தை எழுதித் தர வேண்டும். குடும்பத்தின் சம்மதம் எழுத்தில் கிடைத்த பிறகே உடலை ஊருக்கு அனுப்பலாம், அல்லது அங்கேயே அடக்கம் செய்யலாம். தோட்டக் காரியாலயத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்த விதி மருத்துவர் ஓடிவிடாத ஊருக்கு மட்டுமானது என்பதைத்தான் யாராவது சொல்லித் தந்திருக்க வேண்டும்.

மஸ்கெலியாவில் நீர்த்தேக்கத்துக்கு மேலே என் வீடு. விடியற்காலையில் தொழிற்சாலையிலிருந்து தேயிலை காயும் வாசனை மலை முழுக்க இறங்கும். அந்த வாசனைக்காகவே கொழும்பிலிருந்து வந்து தங்குபவர்கள் இருக்கிறார்கள். நான் சன்னலைச் சாத்திக்கொள்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். சாத்திய பிறகு தொலைபேசியில் ஒரு வரைபடத்தைத் திறப்பேன். இரண்டு நைல் நதிகள் கூடுமிடத்தில் மூன்று ஊர்களாகப் பிரிந்து கிடக்கும் சூடானின் தலைநகரம் கார்ட்டூம் அதில் இரண்டு நிறங்களில் தெரியும். ஒரு நிறம் ராணுவம். மற்றது, அதே ராணுவம் ஒரு காலத்தில் தோளில் தட்டி வளர்த்த துணைப்படை. எந்தத் தெரு எந்த நிறத்துக்கு மாறியது என்று இரண்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைத்தெருவில் என்னைக் கண்டால், “என்னா பெரிய கிளாக்கரையா, இன்னைக்கு எத்தன சந்து புடிச்சாங்க?” என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். மலைநாட்டில் யாருக்கும் அந்த ஊரில் வேலை இல்லை. எனக்கு இருந்தது.

ஓய்வுபெற்ற பிறகும் சம்பாதிக்கும் ஆசை விடாமல் அங்கே போனேன். பஹ்ரி என்பது மூன்று ஊர்களில் வடக்கே இருப்பது. அங்கே ஒரு தேயிலைப் பொதி செய்யும் ஆலையில் களஞ்சியப் பொறுப்பாளர் வேலை. நம் தோட்டத்து லய வீடுகளில் கழிவுத் தூளை வடித்துக் குடிக்கிறோம். நாம் கண்ணாலும் காணாத நல்ல இலையை அங்கே வீதியோரத்துப் பெண்கள் சின்னக் கண்ணாடிக் குவளையில் பாதிக்குச் சீனி போட்டு ஊற்றித் தருகிறார்கள். ஆலையில் எனக்கு ஒரேயொரு பிடிவாதம் இருந்தது. தேயிலை பக்கத்திலிருக்கும் எந்த வாடையையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே களஞ்சியத்துக்குள் வெங்காயம்கூட வரக் கூடாது. வாட்ச்மேன் இத்ரீஸ் தன் சாப்பாட்டுப் பொட்டலத்தை வெளியே வேப்பமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டுத்தான் உள்ளே வருவார். என்னை ‘உஸ்தாஸ்’ என்பார். வாத்தியார் மாதிரி ஒரு மரியாதைச் சொல். மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

2023 ஏப்ரலில், நோன்பு மாதத்தின் கடைசிப் பத்து நாட்களில் சண்டை தொடங்கியது. சேர்ந்து ஆட்சியைப் பிடித்த இரண்டு தளபதிகள் பங்கில் முரண்பட்டார்கள். ஒரு கிழமைக்குள் துணைப்படை வீடுகளுக்குள் புகுந்து கட்டில்களில் பூட்ஸோடு படுத்துக்கொண்டது. ராணுவம் அக்கரையிலிருந்தும் வானத்திலிருந்தும் அந்த வீடுகளை அடித்தது. இரு தரப்பும் மக்களைக் காப்பதாகவே அறிக்கை விட்டன. பஹ்ரியின் நீர் நிலையம் முதல் நாட்களிலேயே நின்றுபோனது. ஆலையில் நம் நாட்டவர் இருவர் எஞ்சியிருந்தோம். ஒருவன் நான். மற்றவர் மஸ்கெலியாவுக்கு மேலேயுள்ள தோட்டத்திலிருந்து வந்த, இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர் சிவலிங்கம். ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்தது அவர்தான். என் வயதைச் சொல்லி என்னைப் போக விடவில்லை. “ஐயா, நீங்க கணக்கு எழுதுங்க, தண்ணி நான் எடுக்கிறேன்” என்பார். மே மாதத்தில் ஒரு காலை இரண்டு கேன்களையும் முற்றத்தில் இறக்கி வைத்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. குண்டு படவில்லை. அதனால் எந்தத் தரப்பின் பட்டியலிலும் அவர் இல்லை.

இத்ரீஸ் ஒரு மணி நேரத்தில் வெள்ளைத் துணி ஒன்றோடு வந்தார். “இப்பவே” என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லி மண்ணைக் காட்டினார். தன் மதப்படி புதைக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு துணியைத் திருப்பிக் கொடுத்தேன். அது அவர் தன் சாவுக்கென்று வாங்கிப் பெட்டியில் வைத்திருந்த துணி என்று பிறகுதான் தெரிந்தது. மருத்துவர் தாள் வேண்டும், தூதரகத்தின் பதில் வேண்டும், மனைவியின் சம்மதம் வேண்டும் என்றேன்.

“டாக்டர் எங்கே உஸ்தாஸ்? டாக்டர் ஓடிவிட்டார். வெயில் ஓடவில்லை” என்றார் இத்ரீஸ்.

நான் கேட்கவில்லை. தொலைபேசிக் கோபுரம் உயிர் பெறும்போதெல்லாம் தூதரகத்துக்குச் செய்தி அனுப்பினேன். இரண்டு நாட்கள் காத்திருந்தேன். நாற்பது பாகைக்கு மேல் வெயில், மின்சாரம் இல்லை. உடலைக் களஞ்சியத்தில் வைத்து, வாடை அடங்கட்டும் என்று என் கையாலேயே தூள் மூட்டைகளை அவிழ்த்து அவரைச் சுற்றிக் கொட்டினேன். தேயிலை உறிஞ்சியது. போதவில்லை. மூன்றாம் நாள் காலை இத்ரீஸ் என்னைக் கேட்காமலே வேப்பமரத்தடியில் குழி வெட்டினார். சிவலிங்கத்தைத் தூக்கியபோது நான் வாந்தியெடுத்தேன். இத்ரீஸ் எடுக்கவில்லை. என் வீட்டுச் சன்னல் சாத்தியிருப்பது இதனால்தான்.

பிறகு பஸ்ஸில் துறைமுகம், கப்பல், விமானம். சிவலிங்கத்தின் மனைவி பாக்கியத்திடம் அவர் இறந்ததைச் சொன்னேன், புதைத்ததைச் சொன்னேன். இரண்டு நாட்களைச் சொல்லவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான். “பேரு எழுதி வச்சீங்களா?” பெட்டிகளுக்குப் பெயரடிக்கும் மையால் ஒரு பலகையில் எழுதி நட்டிருந்தேன். அதைச் சொன்னேன். எங்கள் சனத்துக்குப் பெயர் எழுதப்படுவது சின்ன விஷயமல்ல. என் தகப்பன் இந்தியா, இலங்கை என்ற இரண்டு நாடுகளின் குடியுரிமைப் பட்டியல்களுக்கு நடுவே, எதிலும் பெயரில்லாமல் செத்தவர்.

சண்டையின் மீதியை மலையிலிருந்து பார்த்தேன். முதல் ஆண்டு ராணுவம் நகர்ந்ததாகவே தெரியவில்லை. 2024 தொடக்கத்தில் மேற்கேயுள்ள ஒம்துர்மானின் பழைய தெருக்களைப் பிடித்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் பாலங்களைக் கடந்தது. 2025 பிறந்ததும் பஹ்ரி, மார்ச்சில் ஆற்றங்கரை அரண்மனை. படிக்கட்டில் நின்று துப்பாக்கியைத் தூக்கி ஆடினார்கள். நகரம் மீட்கப்பட்டது என்றார்கள். மீட்கப்பட்ட வீடுகளில் சுவருக்குள்ளிருந்த மின்கம்பியைக்கூடத் தோண்டி எடுத்து விற்றிருந்தார்கள். போனவர்கள் கொள்ளையடித்தார்கள். வந்தவர்கள், எஞ்சியிருந்தவர்களைப் பார்த்து நீ யாரோடு இருந்தாய் என்று விசாரித்தார்கள். அடுத்த ஊரில் தஞ்சமிருந்த இத்ரீஸ் திரும்பிப் போய்ப் படம் அனுப்பினார். ஆலையில் கூரை இல்லை, இயந்திரங்கள் இல்லை. பலகையை யாரோ அடுப்பெரிக்கக் கொண்டுபோயிருந்தார்கள். மரமும் மேடும் இருந்தன.

பிறகு புதிய உத்தரவு வந்தது. முற்றங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அவசரமாகப் புதைத்த உடல்களைத் தோண்டிப் பொது மயானத்துக்கு மாற்றுவார்கள். உறவினர் வந்து அடையாளம் சொன்னால் பெயர். இல்லாவிட்டால் இலக்கம். நகரம் மீட்கப்படாமலிருந்த வரை சிவலிங்கம் பத்திரமாக இருந்தார். மீட்ட பிறகுதான் அவருக்கு ஆபத்து. கொழும்பில் பொறுப்பான அலுவலகத்துக்கு மூன்று பதிவுத் தபால்கள் அனுப்பினேன். தொலைபேசியில் கேட்டால், “லியும தாம ஆவே நே, மஹத்தயா” என்று சிங்களத்தில் சொன்னார்கள். கடிதம் இன்னும் வரவில்லையாம். தபாற்காரர் அந்த அலுவலகத்தில் கையொப்பம் வாங்கிய சிட்டை என் கையில் இருக்கிறது.

நான்காவது கடிதத்தோடு, நடந்ததைத் திகதிவாரியாக எழுதிய சத்தியக்கடதாசி ஒன்றும் வைக்க நினைத்துப் பாக்கியத்திடம் கையொப்பத்துக்குப் போனேன். அவள் ஒன்பதாம் வகுப்பு படித்தவள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, வரி வரியாக வாசித்தாள். இறந்த திகதியில் விரலை வைத்தாள். அடக்கம் செய்த திகதியில் இன்னொரு விரலை வைத்தாள்.

“ரெண்டு நாளு வச்சிருந்தீங்களா?”

“ஆமா.”

“யாரு உத்தரவுக்கு?”

அவள் என்னை வையவில்லை. வைதிருந்தால் நன்றாயிருந்திருக்கும். “உள்ளத எழுதியிருக்கீங்க. அதுவே போதும்” என்று கையொப்பமிட்டுவிட்டு, “ஐயா, நீங்க தபால் போட்டு முடிக்கிறதுக்குள்ள அவுங்க இன்னொரு ஊரயே புடிச்சிருவாங்க. அந்த வாட்ச்மேனுக்கிட்ட நேரா சொல்லுங்க” என்றாள்.

அன்றே இத்ரீஸுக்குச் செய்தி அனுப்பினேன். உடல்களைத் தோண்டும் குழு ஆலைக்கு வந்த நாளில் அவர் காலையிலிருந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்திருக்கிறார். சான்றிதழ் கேட்டார்கள். இல்லை. உறவு கேட்டார்கள். சகோதரன் என்று சொல்லி, விரலை மையில் தோய்த்துப் பதித்திருக்கிறார். கறுத்த நெடிய அந்த மனிதரையும் என் தொலைபேசியிலிருந்து போன சிவலிங்கத்தின் படத்தையும் மாறி மாறிப் பார்த்த அதிகாரி பெயரை எழுதினாராம். பொய்ப் பிரகடனம். தோட்டத்தில் இதற்கு நான் எத்தனையோ பேரைக் காரியாலயத்துக்கு அழைத்துக் குற்றக் கடிதம் கொடுத்திருக்கிறேன். இதையெல்லாம் சொல்லி இத்ரீஸ் அனுப்பிய குரல் செய்தியைப் பாக்கியத்துக்குப் போட்டுக் காட்டி அர்த்தம் சொன்னேன்.

“அந்த வாட்ச்மேன் அவருக்கு மூத்தவரா, எளையவரா?” என்று கேட்டாள்.

“பத்து வயசு மூத்தவர்.”

“அப்ப எனக்கு மூத்தாரு. வணக்கம் சொன்னேன்னு சொல்லுங்க.”

இப்போது பஹ்ரிக்கு வெளியே ஒரு மயானத்தின் பதிவேட்டில், இத்ரீஸின் தம்பியாகச் சிவலிங்கத்தின் பெயர் அரபு எழுத்தில் இருக்கிறது. இங்கே கிராம சேவகரின் குடும்பப் பட்டியலில் அதே பெயருக்கு எதிரே ‘வெளிநாட்டில் தொழில்’ என்று இருக்கிறது. இரண்டையும் பொய்யென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அலுவலகத்தின் பதிலும் வந்துவிட்டது. மரணச் சான்றிதழின் மூலப் பிரதியை இணைத்து, புதைக்கப்பட்ட இடத்தை உறுதிசெய்து, பதினான்கு நாட்களுக்குள் இரத்த உறவினர் ஒருவர் விண்ணப்பிக்க வேண்டுமாம். தவறினால் சிவலிங்கத்தின் விண்ணப்பக் கோவை மூடப்படுமாம். கடிதத்தின் தலையில் போட்டிருந்த திகதியிலிருந்து பதினான்கு நாட்கள் தபாலிலேயே கழிந்திருந்தன. அது என் கைக்கு வந்தது தீபாவளி கழிந்த மூன்றாம் நாள், வியாழக்கிழமை.