கடைசி பெஞ்சில் ஒரு கணக்கு டீச்சர்

“ஒன்பதாம் பி-ல என்ன டீச்சர், கிருத்திகைக் கூட்டமா?”

போன மாதம் எங்கள் ஹெச்.எம். மேடம் இப்படித்தான் ஆரம்பித்தார். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் காவடிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியும். ஒன்பதாம் பி என் வகுப்பு. கணக்கு டீச்சரும் நான், கிளாஸ் டீச்சரும் நான்.

சத்தம் உண்மைதான். பாதிப் பிள்ளைகள் நெசவு வீட்டிலிருந்து வருகிறவர்கள். நாளெல்லாம் வீட்டில் பவர்லூம் ஓடும். பென்சில் கேட்பதென்றாலும் தறிச் சத்தத்தைத் தாண்டித்தான் கேட்டுப் பழக்கம். இதைச் சொன்னேன். மேடம் அசரவில்லை.

“அதே பசங்கதானே தனசேகர் சார் சயின்ஸ் பீரியட்ல மூச்சு விடாம உக்காந்துகினு இருக்காங்க? அப்ப மட்டும் தறி நின்னுடுதா?”

மேடமே தொடர்ந்தார்.

“ஒருத்தர் கிளாஸ்ல ஒருத்தர் உக்காந்து கத்துக்கணும்னு மீட்டிங்குக்கு மீட்டிங் ஆபீசருங்க சொல்லிகினுதான் இருக்காங்க. நீங்க சார் கிளாஸ்ல போய் உக்காருங்க. சொல்லிட்டுப் போகாதீங்க. மாசக் கடைசிக்குள்ள சத்தம் அடங்கலன்னா கிளாஸ் டீச்சர் பொறுப்ப அவருக்கே குடுத்துடலாம்.”

சுருக்கென்றது. கத்தினாலும் என் பிள்ளைகள் அல்லவா? காய்ச்சல் என்றாலும் கல்யாணப் பத்திரிகை என்றாலும் முதலில் என்னிடம் ஓடி வருகிறவர்கள். அவர்களைத் தூக்கி இன்னொருவரிடம் கொடுப்பதாவது...

சொல்லாமல் போ என்று மேடம் சொன்னதில் விஷயம் இருக்கிறது. யாராவது பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தால், நேற்று நடத்திய பாடத்தையே இன்று புதிதாக நடத்துகிற ஜாதி நாங்கள்.

மறுநாள் பின் வாசல் வழியாகப் பூனை மாதிரி நுழைந்தேன். கடைசி பெஞ்சில் பள்ளிப்பட்டு லாவண்யாவுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலி. அவளுடைய தோழி தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறாள். உட்கார்ந்தேன்.

தனசேகர் சார் கரும்பலகையில் குழியாடி வரைந்துகொண்டிருந்தார். பிரம்பு இல்லை, அதட்டல் இல்லை. ஆனாலும் வகுப்பே தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறது — ஒரு சத்தம் இல்லை. இந்த மனிதர் எந்த மலைக்கு மொட்டை போட்டுக்கொண்டாரோ என்று நான் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

அப்போது என் விலாவில் ஒரு முழங்கை இடித்தது.

“ஏய், காம்பஸ எவ்ளோடி வெச்ச?” தலை நிமிராமலே லாவண்யா கிசுகிசுத்தாள்.

குழியாடிப் பாடத்தில் காம்பஸுக்கு என்ன வேலை? எட்டிப் பார்த்தேன். முக்கோணம்! நான் கொடுத்த வீட்டுப்பாடம். முன் பெஞ்சைப் பார்த்தேன் — முக்கோணம். அதற்கு முன்னால் — அதே முக்கோணம். ஒட்டுமொத்த ஒன்பதாம் பி-யும் சயின்ஸ் பீரியடில் என் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது.

கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் தொழில் புத்தி முந்திக்கொண்டது.

“கோட்டுல பாதிக்கு மேல வை” என்றேன், மெதுவாக.

வைத்தாள். வில் சரியாக வெட்டிக்கொண்டது.

“தேங்க்ஸ்டி” என்று நிமிர்ந்தாள். அப்புறம் அவள் முகம் போன போக்கை எழுத எனக்குத் தமிழ் போதாது.

மணி அடித்ததும் தனசேகர் சார் பெருமையோடு வந்தார். “பாத்தீங்களா டீச்சர், என்னமா நோட்ஸ் எடுக்கறாங்க! ஒரு அதட்டு போட்டதில்ல நான்.”

சொல்லிவிடலாமா? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நல்ல மனிதர். தினமும் அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்து போகிறவர். மனம் வரவில்லை. “ஆங், பாத்தேன் சார்” என்று நகர்ந்துவிட்டேன்.

அன்றோடு வீட்டுப்பாடத்தை நிறுத்தினேன். கணக்கையெல்லாம் என் பீரியடிலேயே போட வைத்தேன். அவ்வளவுதான்... என் வகுப்பில் காம்பஸ் கீறும் சத்தம் மட்டும். இத்தனை நாளாய் வேலையை அங்கே முடித்துவிட்டு என்னிடம் ஓய்வெடுக்க வந்திருக்கிறார்கள்!

சயின்ஸ் பீரியட்? கை சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்குமா?

“சார், மலை ரோட்டுத் திருப்பத்துல வெச்சிகிறாங்களே கண்ணாடி, அதுல பஸ் ஏன் குட்டியா தெரியுது?”

“கரண்டியில மூஞ்சி ஏன் சார் தலைகீழா தெரியுது?”

தறிச் சத்தத்தைத் தாண்டிய தொண்டைகள். ஹெச்.எம். அறை வரைக்கும் கேட்டது. மாதக் கடைசியில் மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கிளாஸ் டீச்சர் பேச்சையே எடுக்கவில்லை. தனசேகர் சாரைப் பார்த்து, “நீங்க ஒரு நாள் டீச்சர் கிளாஸ்ல போய் உக்காந்து பாருங்க சார்” என்றார்.

வந்தார். அதே கடைசி பெஞ்சு. எனக்குக் குற்ற உணர்ச்சியில் சாக்பீஸ் இரண்டு முறை ஒடிந்தது. முடிந்ததும் அவர் வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

“டீச்சர், வீட்டுப்பாடத்த நிறுத்திட்டீங்கன்னு பசங்க சொன்னாங்க. அந்த நோட்ஸ் எல்லாம் உங்க கணக்குதான்னு எனக்கு இப்பதான் புரியுது.”

“அன்னிக்கே சொல்லியிருக்கணும் சார்...” என்று இழுத்தேன்.

“இத்தினி வருஷத்துல என்கிட்ட யாரும் இவ்ளோ கேள்வி கேட்டதில்ல டீச்சர். ராத்திரி உக்காந்து படிச்சிட்டு வர்றேன். சத்தம் இருந்துட்டுப் போவட்டும். தயவுசெஞ்சி வீட்டுப்பாடத்த மட்டும் திரும்ப ஆரம்பிச்சிடாதீங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்தவர் வகுப்பை எட்டிப் பார்க்கப் போனால், கடைசியில் தெரிவது நம் வகுப்புதான் போலிருக்கிறது. மேடத்திடம் இருவரும் ஒரே பதிலைச் சொன்னோம் — நிறையக் கற்றுக்கொண்டோம்.

லாவண்யாவும்தான். இப்போதெல்லாம் பக்கத்தில் யார் என்று பார்த்துவிட்டுத்தான் முழங்கையால் இடிக்கிறாள்.