திருப்பி வாங்கிய பொன்னாடை

“பென் டிரைவ்ல ‘மழை ஃபைனல்’னு ஒண்ணு கெடக்குதே பாப்பா, அதையும் பிரிண்ட் போடணுமா?” என்று கேட்டாள் கொளஞ்சியம்மாள். கயல்விழியிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“வேணாங்க. அது சும்மா.”

“சும்மான்னா கவிதைதான். தொறந்து பாக்கல, பயப்படாத. போட்டிக்கா?”

கடலூரில் ஒரு கவிப்பேரவை நடத்தும் போட்டிக்கு என்று கயல்விழி ஒத்துக்கொண்டாள். சிதம்பரத்தில் காலேஜ் முடிந்து, பி.எட். ப்ராஜெக்ட்டை அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்கு வந்த இடத்தில் இப்படி மாட்டிக்கொண்டோமே என்று அவளுக்குக் காது சூடாகிவிட்டது. கொளஞ்சி சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையை இவள் பக்கம் திருப்பினாள். அதில் ஒரு சான்றிதழ். இரண்டு ஓரத்திலும் மயில், நடுவில் குத்துவிளக்கு, அதன் கீழே ‘கவித்தென்றல் என்னும் பட்டம் வழங்கிச் சிறப்பிக்கிறோம்’. பெயர் வரவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

“உன் போட்டிக்கு ரிசல்ட் இதான். போன வாரமே அடிச்சி வெச்சிட்டேன். அனுப்பினவங்க அத்தினி பேரும் ஜெயிப்பாங்க. தென்றல் தீந்துபோச்சின்னா அருவி. அருவியும் தீந்துபோச்சின்னா சுடர்.”

“தெரிஞ்சுமா அடிச்சிக் குடுக்கறீங்க?”

“கறிக்கடைக்காரன் எல்லாம் வூட்ல கறி திங்கறானா? கடைக்கு வாடகை கட்டணும்ல.” பென் டிரைவைப் பிடுங்கி இவள் கையில் வைத்தாள். “ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஷட்டர் பாதி தொறந்திருக்கும். குனிஞ்சி வா. உள்ள நாலு பேரு படிப்போம். நீ படிக்க வேணாம், ஒக்காந்திரு போதும். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

கயல்விழி போட்டிக்கு அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை தன் வீடு இருக்கும் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறிச் சிதம்பரம் போனாள்.

கொளஞ்சிக்குச் சொந்த ஊர் அண்ணாகிராமம் பக்கம். பிளஸ் டூ, டைப்ரைட்டிங் லோயர், கல்யாணம், பிறகு சிதம்பரம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஜெராக்ஸ் கடை போட்டு, ஊரார் ஆராய்ச்சியை எல்லாம் தட்டித் தட்டி விரல் தேய்ந்தவள். ஒரே ஒரு முறை கவியரங்கம் என்று ஒன்றுக்குப் போயிருக்கிறாள். காலையிலிருந்து உட்கார வைத்தார்கள். மேடையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் பந்தியில் சோறு பரிமாறத் தொடங்கிவிட்டார்கள். கூட்டம் எழுந்து இலைக்கு ஓடியது. காலி நாற்காலிகளுக்கு முன்னால் இவளைக் கூப்பிட்டு, “ரெண்டு வரி போதும்மா, சாம்பார் ஆறிடும்” என்றார்கள். ஒரு வரியும் படிக்காமல் இறங்கி வந்தாள். அன்றைக்கு மூக்கில் ஏறிய சாம்பார் வாசமும் ரோஜா மாலை வாசமும் இப்போதும் சேர்ந்தே வரும் என்றும், வந்தால் குமட்டும் என்றும் சொல்வாள்.

அந்தக் குமட்டலில் பிறந்ததுதான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஷட்டரைப் பாதிக்கு இறக்கி வைப்பது ஜெராக்ஸுக்கு ஆள் வராமல் இருக்க. ஆனால் அதுவே கூட்டத்தின் சட்டமாகிவிட்டது. யாரும் வரலாம், எவராக இருந்தாலும் குனிந்துதான் வரவேண்டும். உள்ளே ‘அருமை’ என்ற சொல்லுக்கு இடமில்லை. ஒருவர் படித்து முடித்ததும், கேட்டவர்கள் தங்கள் வாயில் ஒட்டிக்கொண்ட வரியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒட்டவில்லை என்றால் பேசாமல் இருக்கலாம். ஆட்டோ ஓட்டும் சிலம்பரசன் பழக்க தோஷத்தில் ‘அருமை’ என்று உளறிவிட்டால் அன்றைக்கு டீ வாங்கி வருவது அவன் வேலை. “இந்த அருமையால என் ஆட்டோ டீக்கடைக்குத்தான்க்கா ஜாஸ்தி ஓடுது” என்பான்.

பக்கத்துச் சந்தில் இட்லி மாவு அரைத்து விற்கும் சின்னம்மாள் முதலில் மாவு கொடுக்கத்தான் வந்தாள். ஷட்டருக்கு அடியில் குந்தியபடி கேட்டுவிட்டுப் போனாள். அடுத்தடுத்த வாரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்தாள். கடைசியில் ஒரு நாள், வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் எழுதியதை மடியிலிருந்து எடுத்துப் படித்தாள்.

‘என் துண்டுக்கு மட்டும்
தனி ஆணி அடித்தாள் மருமகள்.
புளித்த மாவு வாசம்
ஒட்டிக்கொள்ளுமாம்.
பரவாயில்லை.
அந்த வீட்டில் என் பேருக்கு
ஓர் ஆணி இருக்கிறது.’

‘ஓர் ஆணி இருக்கிறது’ என்று சிலம்பரசன் திருப்பிச் சொன்னான். “இது இங்கியே இருக்கட்டும்” என்றாள் சின்னம்மாள். “இருக்கும்” என்றாள் கொளஞ்சி.

பாவருவி இளவரசு அதற்கடுத்த மாதம் வந்தார். கடலூர்ப் பேரவையின் தலைவர். கொளஞ்சி அடிக்கும் மயில் சான்றிதழ்கள் எல்லாம் அவருக்குத்தான். குனிந்து வந்தவருக்குப் பின்னால் ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி இன்னொருவரும் வந்தார். கொளஞ்சியின் முகம் கடுத்ததைக் கயல்விழி பார்த்தாள். ஆனால் யாரும் வரலாம் என்று சொன்னது கொளஞ்சியேதான். ஒருவரைத் தடுத்தால் மேடைக்கும் ஷட்டருக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பாயை நகர்த்தி இடம் விட்டாள். “ஃபோனு வேணாங்க” என்று சொன்னாள். “சும்மா ஞாபகத்துக்குத்தான் தங்கச்சி” என்றார் இளவரசு.

அந்த ஆணிக் கவிதையைத்தான் யாரோ மறுபடி கேட்டார்கள். சின்னம்மாள் தயங்கித் தயங்கிப் படித்தாள். முடிப்பதற்குள் இளவரசு “அருமை, அருமை” என்று எழுந்துவிட்டார். பையிலிருந்து ஒரு பொன்னாடையை உதறி எடுத்தார். உதறியதில் பழைய ஜவ்வாதும் யார் யாருடைய வேர்வையோ கலந்த நெடியும் கடை முழுக்கப் பரவின. கழுத்துப் பக்கம் சந்தனக் கறை. அதைச் சின்னம்மாளின் தோளில் போர்த்திப் படம் எடுத்தார்கள். அவள் கண் மூடிவிட்டது என்று இன்னொரு முறை போர்த்தினார்கள்.

பிறகு இளவரசு கையை நீட்டினார். “அதைக் குடும்மா. நாளைக்கு நெல்லிக்குப்பத்துல ஒரு விழா இருக்கு.”

சின்னம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பொன்னாடையை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து அவரிடம் கொடுத்தாள். அவர் அதைப் பிளாஸ்டிக் உறையில் நுழைத்துப் பொத்தானை அழுத்தினார். அந்த ‘டக்’ சத்தத்தைக் கேட்டதும் கயல்விழிக்கு, எச்சில் இலையை வழித்து இன்னொருவருக்குச் சோறு போடுவதைப் பார்த்தது போல இருந்தது. பஸ்ஸில் ஊர் போய்ச் சேரும் வரை ஜவ்வாது நெடி அவளை விடவில்லை.

மறுநாளே வீடியோ ஊர் சுற்றியது. ‘அடித்தட்டுத் தாயின் கண்ணீர்க் கவிதை. கண்டெடுத்தவர் பாவருவி இளவரசு’ என்று மேலே எழுதியிருந்தது. கீழே கைகூப்பும் படங்களும் ‘அருமை ஐயா’க்களும். சின்னம்மாளின் பெயர் எங்குமே இல்லை. பெயர் இல்லாவிட்டால் என்ன, முகம் இருந்ததே. மருமகளின் தம்பி பார்த்தான், மருமகள் பார்த்தாள், மகன் பார்த்தான்.

கொளஞ்சி தேடிப் போனபோது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சின்னம்மாள் நிமிரவில்லை.

“மவன் அந்த ஆணியப் புடுங்கிட்டான் கொளஞ்சி. துண்டு இப்ப கதவு மேல கெடக்குது. மாவு வேணும்னா சொல்லு. வேற ஒண்ணும் பேசாத.”

அந்த வாரக் கடைசியில் இளவரசு சான்றிதழ்களுக்கான புதிய பெயர்ப் பட்டியலும் ஒரு பென் டிரைவும் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். கயல்விழி அப்போது அங்கே இருந்தாள். அவர் நீட்டிய தாளைக் கொளஞ்சி வாங்கவில்லை.

“அந்த வீடியோவ மொதல்ல எடுங்க.”

“எடுத்துடறேன் தங்கச்சி, அதுக்கென்ன. ஆனா யோசிச்சிப் பாரு. அந்தம்மாவ யாருக்குத் தெரியும்? இப்ப ஆயிரம் பேரு பாத்திருக்கான்.”

“மவன் ஒருத்தன் பாக்கக் கூடாதுன்னுதான் அவ இங்க வந்து படிச்சா.”

“நல்லது பண்ணாலும் குத்தமா? கௌரவப்படுத்தத்தான செஞ்சேன்?”

“போத்தின கை காயறதுக்குள்ள உருவிக்கிட்டீங்களே, அதுக்குப் பேரு கௌரவமா? பொணத்து மேல போட்ட கோடித்துணியக்கூட யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க.” சொல்லிக்கொண்டே மயில், குத்துவிளக்கு, தென்றல், அருவி எல்லாவற்றையும் அவருடைய பென் டிரைவில் ஏற்றிவிட்டுத் தன் கம்ப்யூட்டரில் அழித்தாள். “உங்க சாமான் பூரா இதுல இருக்குது. வேற கடை பாத்துக்குங்க.”

“எல்லாரும் வரலாம்னு சொல்லுவ. இப்ப என்னை மட்டும் வராதன்றியா?”

“எங்க சொன்னேன்? ஞாயித்துக்கெழம வாங்க. ஃபோன வெளிய வெச்சிட்டுக் குனிஞ்சி வாங்க. சால்வை கொண்டாந்தா கீழ விரிச்சி ஒக்காருங்க. உங்க மனசுல உள்ளத ஒண்ணு படிங்க, கேக்கறோம்.”

அவர் வீடியோவை எடுத்தார். அதற்குள் அது எத்தனையோ குழுக்களில் ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. சின்னம்மாளும் வரவில்லை. ஷட்டருக்கு அடியில் அவள் குந்தும் இடத்தை யாரும் மிதிக்காமல் தாண்டித் தாண்டி வந்தார்கள். அன்றைக்கு ஒருவர் வாயிலும் ஒரு வரியும் ஒட்டவில்லை.

“எல்லாரும் சேந்து புதுசா ஒரு சால்வை வாங்கிட்டுப் போயி…” என்று ஆரம்பித்த சிலம்பரசன், கொளஞ்சி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். தானாகவே எழுந்து டீ வாங்கப் போனான்.

கூட்டம் கலைந்த பிறகு கயல்விழி பாய்களைச் சுருட்டினாள். இந்தக் கடைக்கு வரத்தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அவள் ஒரு முறைகூடப் படித்ததில்லை. கொளஞ்சி ஒரு முறைகூடக் கேட்டதுமில்லை. அன்றைக்குக் கேட்டாள்.

“கயலு, அவ ஒருத்தி மட்டும் எல்லாத்தையும் அவுத்துப் போட்டுட்டு நிக்கறா. நாம பூராப் பேரும் போத்திக்கிட்டு ஒக்காந்திருக்கறோம். அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அவள வான்னு கூப்புடறது? உன்கிட்ட ஒண்ணு இருக்கும். ‘மழை ஃபைனல்’ இல்ல, ஃபைனல்னு பேரு வெக்காதது, உங்க வூட்ல எவரு கண்ணுலயும் படக்கூடாதுன்னு ஒளிச்சி வெச்சிருப்பியே, அது. நாளைக்கு அத எடுத்துக்கிட்டு சின்னம்மாக்கா மாவரைக்கற எடத்துக்குப் போ. அவள இங்க கூப்புடாத, மன்னிப்பும் கேக்காத. கிரைண்டர நிறுத்தற வரைக்கும் நில்லு. நிறுத்தினதும் அவளுக்கு மட்டும் படிச்சிக் காட்டிட்டு வா.”