மேற்கு வாசலுக்கு ஆகிற செலவு

வெல்டிங் வைக்கிற வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் எழுந்து ஓடத் தோன்றும். தலை நரைத்த பிறகுமா என்று கேட்பீர்கள். நரைத்த பிறகும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர் சமூக நலக்கூடத்தில் கூட்டம். பழைய கூடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். செலவு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு என்று பேசுவதற்கு எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் யாரோ இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனையோடு உள்ளே போய், வழக்கம்போல மேற்கு வாசலை ஒட்டிய நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். எந்த மண்டபத்துக்குப் போனாலும் என் கண் பந்தியைத் தேடாது, வாசலைத்தான் தேடும். "கல்யாணத்துக்கு வந்திருக்கியளா, செருப்புக்குக் காவலிருக்க வந்திருக்கியளா?" என்று என் மனைவி கேட்பாள். நான் சிரித்து மழுப்பிவிடுவேன்.

மேடையில் எஞ்சினியர் பையன் நின்றான். எங்கள் ஊர்ப் பிள்ளைதான், துபாயில் வேலை பார்த்துத் திரும்பியவன். படத்தைச் சுவரில் விழவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினான். டைல்ஸ், லிஃப்ட், ஏசி என்று போய்க் கடைசியில் வந்த தொகையைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

"கொறைக்க வழி உண்டு," என்றான் பையன். "இந்த மேற்கு வாசல் எதுக்கு? சும்மாதான அடைச்சுக் கெடக்கு? புதுசுல அது வேண்டாம்னா படி, கதவு, முன்கூரை எல்லாம் மிச்சம்."

அந்த வாசல் எதற்கு என்று தெரிந்தவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான் மிச்சமிருந்தேன்.

இந்தக் கூடம் கட்டின சமயம் எனக்கு நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதுகிற வேலை. புது வேலை, புதுச் சட்டை, பெரிய மனுஷன் என்ற நினைப்பு. அந்த வருஷம் கடற்கரைப் பக்கம் மதக் கலகம் நடந்தது. உங்களுக்கு அதைப் பற்றித் தெரியாது என்றால் நல்லது, தெரியாமலே இருங்கள். எங்கள் ஊரில் ஒரு கல்கூட விழவில்லை. ஆனால் நாளைக்கு விழும் என்று ஒவ்வொரு நாளும் நம்பினோம். கோயில் தெருவும் சர்ச் தெருவும் சந்திக்கிற முக்கில் எங்கள் பலசரக்குக் கடை. நாங்கள் எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். அந்த வருஷம் ஊரே பயந்தது அந்தக் கேள்விக்குத்தான்.

அம்மா மிளகாய்ப்பொடி டப்பாவை அடுக்களையிலிருந்து எடுத்து ஜன்னலோரம் வைத்தாள். கறிக்கு அல்ல. சர்ச் மணி வேளைகெட்ட வேளையில் அடித்தால் ஒரு தெரு கதவைச் சாத்தும், கோயில் மணி வழக்கத்துக்கு மேல் இரண்டு அடி அடித்தால் மற்றத் தெரு சாத்தும். கடைக்காரர்கள் வாசலை அடைக்கிற நிரைப்பலகைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு இரும்பு ஷட்டர் போட்டார்கள். நாள் முழுக்கத் தெருவில் வெல்டிங் வாசனை. அந்த வருஷம் ஊரில் நிம்மதியாகச் சாப்பிட்டவன் வெல்டிங்காரன் ஒருவன்தான். ஷட்டர் சத்தம் கேட்டால் காரணம் கேட்காமல் ஓட வேண்டும் என்பதைச் சின்னப் பிள்ளைகள்கூடப் படித்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் அப்பாவுக்கு இந்த யோசனை வந்தது. "ரெண்டு தெருவும் ஒரு கூரைக்குக் கீழ உக்காந்து சோறு திங்கணும். அதுக்கொரு கூடம் வேணும்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கூட்டம் கெட்டுதுன்னா மொதக் கல்லு நம்ம கடைக்காக்கும். ஒங்களுக்கு எதுக்கு இந்தச் சோலி?"

அம்மா சொன்னது நியாயம். அந்தக் கடைதான் எங்கள் சோறு. எனக்கும் பயம்தான், ஆனால் கணக்குப் படித்தவன் என்பதால் எஸ்டிமேட்டை ஊருக்கு வாசித்துக் காட்டுகிற வேலையை அப்பா என் தலையில் கட்டினார். என் குரலோ ஆட்டுக்குட்டிக் குரல்.

ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் ஓட்டுக் கட்டடத்தில் கூட்டம். சுண்ணாம்பும் மதிய உணவுச் சாம்பாரும் கலந்த வாசனை. ஜன்னலெல்லாம் கம்பி, போக வர ஒரே வாசல். ஒரு பக்கம் ஒரு தெரு, மறுபக்கம் மறு தெரு, நடுவில் ஒரு பெஞ்சு காலியாகக் கிடந்தது. மணல், ஜல்லி, கம்பி வரைக்கும் யாரும் வாய் திறக்கவில்லை. "கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல்" என்று வாசித்தேன். கிழக்கே இருப்பது கோயில் தெரு, மேற்கே சர்ச் தெரு. அதை எழுதிய கொத்தனாருக்குக் காற்றோட்டம்தான் நினைப்பு. மற்ற எல்லோருக்கும் வேறு நினைப்பு.

சர்ச் தெரு ஞானமுத்து வாத்தியார் எழுந்தார். "தேக்கு விக்கிற வெலையில ரெண்டு வாசல் எதுக்கு?"

கோயில் தெரு தாணு அண்ணாச்சி, தேங்காய் வியாபாரி, உட்கார்ந்தபடியே சொன்னார். "அதைத்தான் நானும் கேக்கேன். அந்த ரெண்டாவது வாசல் யாருக்கு?"

அந்த 'யாருக்கு'வில் இரண்டு பக்கமும் நிமிர்ந்து உட்கார்ந்தது. இருவரும் சாயங்காலம் தவறாமல் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், கலகத்துக்குப் பிறகு முகம் பார்க்காதவர்கள். பிறகு தேக்கு விலை பற்றிப் பெரிய சண்டை நடந்தது. தேக்கு, அயனி, வேம்பு என்று மரத்தின் பேரெல்லாம் சொல்லிக் கத்தினார்கள். யாரும் மரத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்கே புரிந்தது. அப்பா நடுவில் போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தார்.

அப்போதுதான் முக்கிலிருந்து கடகடவென்று ஒரு ஷட்டர் விழுந்தது. அடுத்தது ஒன்று. பிறகு வரிசையாக எல்லாம்.

அந்த நேரத்தில் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. செத்தோம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். எல்லோரும் அந்த ஒரே வாசலுக்குப் பாய்ந்தோம், ஒருவரும் வெளியே போக முடியாமல் அதில் இறுகி நின்றோம். யாருடைய முழங்கையோ என் வாயில் இருந்தது. எனக்கு முன்னால் தாணு அண்ணாச்சி வாத்தியாரின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார். அடிக்கப் பிடித்தார் என்றுதான் முதலில் நினைத்தேன். "ஞானம், விட்டுராதடே... விட்டுராத," என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. வாத்தியார் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே சாரல் வீசிக்கொண்டிருந்தது. கடையைப் பார்த்துக்கொண்டிருந்த என் சித்தப்பா குடையோடு வந்து, வாசலில் சிக்கிக் கிடந்த ஊரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கூட்டம் முடிஞ்சுட்டா? சீனி மூடை நனைஞ்சுது, அதான் ஷட்டரப் போட்டேன். என்ன எளவுக்கோ பொறத்தால எல்லாவனும் போட்டுட்டான்."

யாரும் உடனே சிரிக்கவில்லை. ஒருவரையொருவர் விடுவிக்கவே நேரம் பிடித்தது. வாத்தியார் ஒரு கால் செருப்போடு படியில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார்.

"ரெண்டு வாசலும் இருக்கட்டு மக்கா. பைசா போனாப் போகட்டு. ஓடுகதுக்கு வேணும்லா."

அத்தனை மாதத்தில் பயத்தை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவர்தான். தாணு அண்ணாச்சி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "ஓடும்போ எது கிட்டக் கெடக்கோ அதுவழி ஓடுவோம்வே. தெருவு பாத்தா ஓட முடியும்?" என்றார். அப்புறம்தான் சிரித்தார்கள். சிலர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

கூடம் எழும்பியது. கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல், இரண்டும் தேக்கு. என் கல்யாணமும் அங்கேதான். யாரும் ஒருநாளும் அதில் ஓட வேண்டி வரவில்லை. மேற்கு வாசலில் காற்று வந்தது, வெற்றிலை போடுகிறவர்கள் நின்றார்கள், பிள்ளைகள் படியில் சறுக்கி விளையாடினார்கள். அப்பா போனார். வாத்தியார் போனார், அடுத்த மழைக்காலத்தில் அண்ணாச்சியும் போனார். எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை, முன்னால் வெறும் கண்ணாடி.

ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து நின்றேன். முன்னால் இரண்டு தெருப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். யார் எந்தத் தெரு என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பழைய கதையைச் சொன்னால், அந்த நிமிஷமே பக்கத்தில் இருப்பவன் எந்தத் தெரு என்று பார்க்கத் தொடங்கிவிடுவார்களோ என்று பயம். சொல்லாமல் விட்டால், என்றைக்காவது ஒருநாள் ஓட வாசல் இல்லாமல் போகுமே என்று அதற்கும் பயம்.

"மேற்கு வாசல் இருக்கட்டும் மக்கா," என்றேன். "நல்ல காத்து வரும்."

"ஏசி போடப் போறோம் மாமா," என்றான் பையன் மரியாதையாக. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு அவர்கள் தேக்கைப் பேசினார்கள், இப்போது நான் காற்றைப் பேசினேன். எல்லோரும் கையைத் தூக்க, வாசல் படத்திலிருந்து போயிற்று.

டீ கிழக்குப் பக்கம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் இடித்துத் தள்ளிக்கொண்டு, சிரித்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனார்கள். இடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை இந்த வழியாக இறங்கிவிடலாம் என்று நான் மேற்குக் கதவின் தாழ்ப்பாளை இழுத்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். துரு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்ததே தவிர, கதவு திறக்கவில்லை. எத்தனை வருஷமாக இப்படிக் கிடக்கிறதோ, தெரியாது. அத்தனை கல்யாணத்திலும் இதை நம்பித்தான் நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.