வாசனை போட்ட இஹ்ராம் துணி

கபீர் பாய் மூட்டையைப் பிரித்தார். மேலே இருந்த வெள்ளைத் துணியை எடுத்து முகர்ந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. கும்மிடிப்பூண்டியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிற மனிதர். வண்டி பத்து நிமிஷம் லேட்டானால் அவர் கத்துவது எங்கள் கம்பெனி கேட் வரைக்கும் கேட்கும்.

நான் அந்த டவல் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாக, துணியை அலசிக் காயவைத்து மடிக்கிற பினிஷிங் செக்‌ஷனைப் பார்க்கிறவள். அவர் தலைமையில் நாற்பது ஆண்கள் உம்ரா என்கிற புனிதப் பயணமாக மக்கா போகிறார்கள், அங்கே இஹ்ராமாக உடுத்த ஆளுக்கு இரண்டு வெள்ளைத் துணி, மொத்தம் எண்பது என்று ஆர்டர். "தையலே கூடாதும்மா" என்று ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்லியிருந்தார். நானும் ஓரம்கூட மடித்துத் தைக்கவில்லை, கம்பெனி லேபிளும் வைக்கவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். புண்ணிய யாத்திரைக்குப் போகிற துணி ஆச்சே என்று, கடைசி அலசலில் துணியை மிருதுவாக்குகிற மல்லிகை வாசனை சாஃப்ட்னரை இரண்டு பங்கு ஊற்றச் சொன்னேன். எங்கள் வீட்டில் திருத்தணிக்குப் போவதென்றால் புடவை மடிப்பில் தாழம்பூ வைப்போம். அந்தப் புத்திதான்.

"இன்னா பாய், பிடிக்கலியா?"

"பத்மாம்மா, இத கட்டிக்கினா அத்தர் கூடாது, சென்ட் கூடாது. வாசனை சோப்பு கூட தொட மாட்டோம். நாளன்னிக்கு காலைல ஃப்ளைட்டு. நாப்பது பேருக்கு நான் எங்க போவேன்?"

நல்லது செய்கிறேன் என்று அத்தனை பேர் பயணத்திலும் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று அழுகை வந்தது. "நாலு வார்த்தை திட்டிடுங்க பாய். நீங்க சும்மா குந்திக்கினு இருக்கறதுதான் பேஜாரா கீது" என்றேன்.

"அதான் முடியாதே. இஹ்ராம்ல சண்டை கூடாது, கெட்ட வார்த்தை கூடாது. என் வாய் உங்களுக்கே தெரியும். அங்க போயி திடீர்னு அடங்காதுன்னு பத்து நாளா இங்கயே பழகிக்கினு கீறேன். நான் திட்ட முடியாத நேரமா பாத்து பண்ணிக்கீறீங்க."

நாளை மாலை ஐந்து மணிக்குள் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மேனேஜர் முணுமுணுத்தார். "தப்பு என்னோடது சார், மெஷின மட்டும் குடுங்க" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். முதலில் மெஷினை வெறும் தண்ணீரில் இரண்டு தடவை ஓட்டினோம், குழாயில் தங்கிய சாஃப்ட்னர் போக வேண்டுமே. பிறகு துணியை வெந்நீரில் போட்டோம். டிரையரிலும் அதே வாசனை. மொட்டை மாடியில் காயவைத்தால் பக்கத்து இரும்பு ஆலைக் கரி வெள்ளைத் துணியில் படியும். அதனால் டிஸ்பாட்ச் ஹாலில் கயிறு கட்டி, ஃபேனைப் போட்டுக் காயவைத்தோம்.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. வாசனை போய்விட்டதா என்று யார் சொல்வது? வருஷக்கணக்காக அந்த சாஃப்ட்னரிலேயே ஊறி, எங்கள் செக்‌ஷனில் ஒருவருக்கும் அந்த வாசனை தெரியாது. எனக்கும் தெரியாது. கேன்டீனில் மீன் குழம்பு வைக்கிற கன்னியம்மாவைக் கூட்டி வந்தேன். பழவேற்காட்டுக்காரி. மீன் எத்தனை மணிக்குப் பிடித்தது என்பதை மோந்தே சொல்லிவிடுவாள்.

"இன்னும் பூ வாசனை வருதுக்கா" என்றாள். ராத்திரியெல்லாம் தூங்காமல் நின்று மறுபடி அலசினோம். மறுநாள் காலை வந்து மோந்தாள். "லேசா கீது." இன்னொரு தடவை அலசிக் காயவைத்தோம். மூன்றாவது தடவை, மதியச் சமையலை முடித்துவிட்டுக் கையைச் சோப்பில்லாமல் கழுவிக்கொண்டு வந்தாள். எண்பது துணியையும் ஒவ்வொன்றாக முகர்ந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெறும் துணிதான்க்கா, ஒண்ணும் இல்ல" என்றாள். அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

சொன்னபடி ஐந்து மணிக்குப் பாய் வாங்கிப் போனார்.

இருபது நாள் கழித்து மொட்டைத் தலையோடு, கன்னியம்மாவுக்கும் எனக்கும் பேரீச்சம்பழம் எடுத்துக்கொண்டு வந்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அங்க கூட்டத்துல ஒருத்தன் என் கால நசுக்கிட்டான். வாய் வரைக்கும் வந்துடிச்சி. குனிஞ்சி நீங்க குடுத்த துணியப் பாத்தேன். இதுக்கு எத்தினி பேரு தூங்காம நின்னாங்கன்னு நெனச்சேன். முழுங்கிட்டேன்."

"இப்பதான் இஹ்ராம் அவுத்தாச்சே பாய். அன்னிக்கு என்னை திட்டாம விட்டத திட்டிடுங்க."

வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். "வரமாட்டேங்குதும்மா" என்று சிரித்தார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எத்தனை துணி, என்ன அளவு என்பதோடு நிற்காதீர்கள். யார் உடுத்தப் போகிறார்கள், எப்படி உடுத்துவார்கள் என்று கேளுங்கள். நமக்கு நல்லதாகத் தெரிவதை, கேட்காமல் அடுத்தவர் துணியில் ஊற்றாதீர்கள்.