நத்தைப் பாட்டுக்கு வந்த சாமி

எங்கள் சித்தப்பா ஒரு நத்தையை ராக் பாட்டாக்கினார் என்று சொன்னால் இப்போதும் யாரும் நம்புவதில்லை. கடலைப் பார்க்க ஆசைப்பட்டு மலையேறுகிற நத்தையின் கதை அது. வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் படித்துப் படித்து அட்டை கிழிந்துபோன பழைய புத்தகம். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அதை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்த சித்தப்பா, பாதியில் மூடி வைத்துவிட்டுக் கிதாரை எடுத்தார். வத்தலக்குண்டு சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கும் அவருடைய நண்பர் வந்தார். உறுமிக்காரர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். நத்தை உறுமி அடிக்கு மலையேறத் தொடங்கியது. நடுவில் “ஏறு, இன்னுங் கொஞ்சம் ஏறு!” என்று கத்துவது என் பொறுப்பு. சந்தோஷத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. அவர் தேங்காய் மண்டிக்கு முதலாளி, சேவுகம்பட்டித் திருவிழாக் கமிட்டிக்குத் தலைவர். “ஊரு முன்னாடி இந்த ஒரு பாட்ட முழுசாப் பாடிக் காட்டு. பாதியில எறங்குன, கிதாரைப் பரண்ல போட்டுட்டு மண்டிக்கு வந்துரணும்” என்று தம்பியிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

திருவிழா அன்று மேடையேறினோம். முதல் சரணம் முடிவதற்குள், “சினிமாப் பாட்டு பாடுங்கப்பா!” என்று கூட்டம் கத்த ஆரம்பித்தது. விசில் பறந்தது. நிறுத்தச் சொல்லி அப்பா மைக்செட்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் பெண்கள் பக்கம் குலவைச் சத்தம் கேட்டது. கூந்தல் அவிழ ஆடிக்கொண்டு வந்தார் எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை. அண்ணன் எதிரே நின்று ஒரு வார்த்தைகூட உரக்கப் பேசியறியாதவர். “ஏலே! கொட்ட நிப்பாட்டுன, நடக்குறதே வேற!” என்று அப்பாவையே பார்த்து ஓர் அதட்டல் போட்டார். சாமி ஆடும்போது மேளத்தை நிறுத்தும் துணிச்சல் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. தூக்கிய கையோடு மற்ற கையையும் சேர்த்து அப்பா கும்பிட்டு நின்றார்.

அப்புறம் என்ன! உறுமி வெளுத்து வாங்கியது. நத்தை கடலைப் பார்க்க உச்சியை நெருங்கியபோது மொத்தக் கூட்டமும் என்னோடு சேர்ந்து “ஏறு, ஏறு!” என்றது. உடம்பெல்லாம் சிலிர்த்தது எனக்கு. கடைசி அடி விழுந்த பிறகுதான் அத்தை விபூதி வாங்கிக்கொண்டு அமைதியானார். அப்பா மேடைப் பக்கம் வந்து, “கிதார பத்திரமா மூடி வையி, பனி விழுகுது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“சாமிக்கு நம்ம பாட்டு அம்புட்டுப் பிடிச்சிருச்சா, அத்தை?”

“பின்ன? நத்தை மழையில வழுக்கி விழுகுற எடத்துல மட்டும் உஞ் சித்தப்பன் ராகத்தக் கோட்டை விட்டுட்டான்.”

சாமி வந்தவர்களுக்கு ஆடும்போது நடந்தது எதுவும் நினைவில் இருக்காது என்பது ஊரறிந்த விஷயம். அது எனக்கும் தெரியும். ஆனால் சாமியே இறங்கி வந்து என் பாட்டைக் கேட்டுவிட்டுப் போன பெருமையில், அன்று எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.