குமுதினியின் கூரை அறை

குமுதினிக்கு ஒருவரிடம் போய் அனுமதி கேட்பது என்றாலே பிடிக்காது. டென்மார்க்கில் அகதி முகாமில் இருந்தபோது வெளியே போய்வரக் கேட்க வேண்டும், பூட்டிய சமையலறையின் திறப்புக்குக் கேட்க வேண்டும், வதிவிட உரிமைக்கு வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். லண்டனுக்கு வந்து, பஸ் ஓட்டும் வேலை எடுத்து, கணவர் சண்முகராசாவோடு செவன் கிங்ஸில் வீடு வாங்கிய அன்றே, இனி எவரையும் எதுவும் கேட்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

ஐம்பது தாண்டிய பிறகு அவளுக்கு ஓர் ஆசை வந்தது. தனக்கென்று ஓர் அறை. பிறந்த வீட்டில் எட்டுப் பேர், முகாமில் நாலு கட்டில், பிறகு கல்யாணம், பிள்ளைகள். கதவைச் சாத்திவிட்டுத் தனியே இருந்த நாளே இல்லை. கூரைக்கடியில் பழைய சூட்கேஸ்கள் கிடக்கும் இடம் அவள் கண்ணில் பட்டது.

கட்டட வரைபடம் வரையும் ஜதுர்ஷிகா வந்து அளந்து பார்த்தாள்.

"நகரக் கவுன்சிலிட்டைக் கேக்கவேணுமோ?" குமுதினியின் முகம் கேட்கும்போதே சுருங்கியது.

"தெருப்பக்கம் கூரையைத் தள்ளிக் கட்டினாத்தான் அன்ரி கேக்கவேணும். உங்கடை மாதிரி வரிசை வீட்டிலை, பின்பக்கமா, நாப்பது கன மீற்றருக்குள்ளை எண்டால் தேவையில்லை."

"கேக்கவே தேவையில்லையோ?"

"தேவையில்லை. ஆனா நாளைக்கு வீட்டை விக்கேக்கை வில்லங்கம் வராமல், 'இதுக்கு அனுமதி தேவையில்லை' எண்டு கவுன்சிலிட்டை ஒரு சான்றிதழ் எடுத்து வையுங்கோ. அதுக்கு மனுப் போடவேணும்."

சண்முகராசா சோபாவில் சரிந்து சிரித்தார். "தேவையில்லை எண்டு சொல்லுறதுக்கும் மனுவோ!" குமுதினிக்கும் சிரிப்பு வந்தது. மனுப் போட்டாள். இப்படி ஒரு மனுவுக்காக எத்தனை தரமும் கேட்கலாம் போலிருந்தது.

ஜதுர்ஷிகா சொன்ன அடுத்த செய்திதான் சிரிப்பை நிறுத்தியது. இரும்பு உத்தரத்தைப் பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவரில்தான் ஏற்ற வேண்டும். அதற்கு அந்த வீட்டுத் தமிழ்ப் பெண் டொலறஸுக்கு எழுத்தில் அறிவித்துச் சம்மதம் வாங்க வேண்டும்.

போன வருடம் டொலறஸ் பின்வேலியை உயர்த்தியபோது, இரண்டு மீற்றருக்கு மேலே போய்விட்டது என்று கவுன்சிலுக்கு முறைப்பாடு அனுப்பி, மேல் பலகைகளைக் கழற்ற வைத்தவளே குமுதினிதான். தான் கேட்பது அவளுக்குப் பிடிக்காது. மற்றவர்கள் கேட்காமல் செய்தால் அது அதைவிடப் பிடிக்காது.

சனிக்கிழமை பின்னேரம் அறிவித்தலோடு போய்க் கதவைத் தட்டினாள். டொலறஸ் நின்ற நிலையிலேயே வாசித்து முடித்தாள்.

"என்ரை வேலி ஓரடி கூடினது உங்களுக்குப் பொறுக்கேல்லை. இப்ப நீங்கள் ஒரு மாடியே ஏத்துறியள்."

"வடிவுக்குத்தானே உயர்த்திறியள் எண்டு நினைச்சன்."

"வடிவுக்கோ? நரி பாயுது எண்டு உயர்த்தினனான். பலகை கழட்டின கிழமை என்ரை ரெண்டு கோழியையும் நரி தூக்கிக்கொண்டு போட்டுது."

டொலறஸின் பின்முற்றத்தில் வெறும் கோழிக்கூடு ஒன்று கிடந்ததைக் குமுதினி எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். ஏன் என்று யோசித்ததில்லை.

"உங்களிட்டை நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவேணும்," என்றாள்.

"ஓம். கேட்டிருக்கவேணும்." டொலறஸ் கதவை அகலத் திறந்தாள். "உள்ளை வாங்கோ. வேலிக்கு நான் இப்ப முறையா மனுப் போடப்போறன். பக்கத்து வீட்டுக்கு ஆட்சேபம் இல்லை எண்டு எழுதித் தருவியளோ?"

"இப்பவே தாறன்."

ஒரே மேசையில், ஒரே பேனாவால், ஒருத்தி சம்மதித்தாள், மற்றவள் ஆதரித்தாள். நடுவில் தேத்தண்ணி ஆறிப்போனது.

கோடை முழுக்க இரண்டு வீடும் தூசியில் கிடந்தன. படி சரியாக இருக்கிறதா, கதவுகள் நெருப்பைத் தாங்குமா என்று கட்டடப் பரிசோதகர் வந்து பார்த்து ஒப்புதல் கொடுத்தார். டொலறஸின் வேலிக்கும் அனுமதி கிடைத்தது, புதுக்கோழிகள் வந்தன.

லீவு நாளொன்றில் குமுதினி மேலே போய்க் கதவைச் சாத்தினாள். ஒரு கட்டில், ஒரு கதிரை, அவ்வளவுதான். கூரை ஜன்னலில் மழை தட்டிக்கொண்டிருந்தது. ஏதாவது வாசிக்கலாம் என்று படுத்தவள், கீழே சண்முகராசா சோற்றுக்குக் கூப்பிட்டதுகூடக் கேட்காமல் நித்திரையாகிப் போனாள்.