வெடி வைத்துவிட்டுக் கிழக்கே பார்ப்பவர்

கேத்தலைச் சரித்து, கொதிக்கிற தண்ணீரைத் துவக்குக் குழலின் ஒரு வாயில் ஊற்றுகிறார் காலிதீன் காக்கா. மறுவாயால் முதலில் வருவதைத் தண்ணீர் என்று சொல்ல மாட்டேன். கறுப்பு மை. கூமுட்டை நாற்றத்தோடு வரம்பில் வழிந்து போகிறது. நான் மூக்கைப் பொத்தினால் அவருக்குச் சிரிப்பு வரும்.

"நாறட்டும் தம்பி. நாறினாத்தான் ஊத்த கழருது எண்டு அர்த்தம்."

அடுத்த ஊற்றில் மை சாம்பல் நிறமாகிறது. பிறகு அரிசி கழுவிய தண்ணீர் போல. கம்பியில் பழைய சாரன் துண்டைச் சுற்றி உள்ளே விட்டு இழுக்கிறார். குழலைத் தூக்கி ஒரு கண்ணை வைத்து வானத்தைப் பார்க்கிறார். உள்ளே சின்னப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் போச்சு, கேத்தல் மறுபடி சிரட்டை நெருப்புக்குப் போகும். எண்ணெய் பூசி முடிக்கிற வரைக்கும் பிளேன்டீ கேட்டாலும் கிடைக்காது.

"கரிமருந்துக்கு ஈவிரக்கம் இல்ல. சுட்ட கையோட கழுவணும். பகல் சோத்துக்குப் பிறகு பாப்பம் எண்டு வெச்சியோ, துரு வந்து குந்திரும். பிறகு அத எழுப்ப ஏலா."

மாவடிப்பள்ளி வட்டையில் இவர்தான் எங்களுக்குக் காவல். வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கிற வயல்கள் எல்லாம் சேர்ந்தது. என் துண்டு வயல் இவருடைய காவல் குடிலான வாடிக்குப் பக்கத்தில் இருப்பதால், விரும்பியோ விரும்பாமலோ நான் இந்த மனிதரைக் கவனித்துக்கொண்டு இருக்கிறேன். ஒற்றைக் குழல் துவக்கு, அதற்கு அரசாங்கக் கச்சேரி தந்த பெமிற், ஒரு பழைய பிஸ்கட் டின் நிறையப் பித்தளைத் தோட்டாக்கள். பன்றி வந்தாலும் யானை வந்தாலும் வானத்தைப் பார்த்து வெடி. இதுவரை ஓர் உயிரையும் சுட்டதில்லை. தோட்டாவில் மருந்தும் கடுதாசி அடைப்பும் மட்டும்தான் இருக்கும். ஈயம் போட மாட்டார். கேட்டால், "பண்டியச் சுட்டு நான் என்ன கறியா ஆக்கிற? ஹறாமானதுக்கு ஈயம் எதுக்கு, சத்தம் காணும்" என்பார்.

அந்தக் கடுதாசி அடைப்பு இருக்கிறதே, அது ஒரு தனிக் கதை. பழைய பேப்பரைக் கிழிக்குமுன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் பார்ப்பார். அரபு எழுத்து ஒன்று இருந்தால் அந்தத் தாள் தனியே போகும். ஜனாஸா என்கிற மரண அறிவித்தல் இருந்தால் அதுவும் தனியே. "மௌத்தான மனிசர வெடியில வெச்சு அடிக்கலாமா?" கடைசியில் மிஞ்சுவது சினிமாப் பக்கம்தான். வெடி வைத்தால் பாதி எரிந்த நடிகைமார் என் வயலில் மெல்ல மெல்ல வந்து இறங்குவார்கள். "என்ன காக்கா, இண்டைக்கி ஆர் வந்த?" என்று பகிடி பண்ணுவேன். "இவியள்தான் தம்பி நமக்கு ஆன கலைக்கிற" என்று கதிரில் ஒட்டிக்கொண்ட கண்ணையும் மூக்கையும் பொறுக்கி எடுப்பார்.

பித்தளைத் தோட்டாக்களைப் புளித்தண்ணீரில் ஊறப் போட்டுத் தேய்த்தால் புதுக் கலியாணச் செம்பு போல மின்னும். அவருடைய கறுத்த நகங்கள் மட்டும் எந்தப் புளிக்கும் மசியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குத் தேசிக்காய்ப் பாதியால் கையைத் தேய்த்து, அத்தர் பூசி, அப்படியும் கடைசி ஸஃப் வரிசையில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்பார். பக்கத்தில் நிற்கிறவனுக்கு நாற்றம் அடிக்குமாம். முன்னால் இடம் இருக்கிறது வாங்கோ என்று கையைப் பிடித்து இழுத்தாலும் வரமாட்டார்.

இனித்தான் சரீபா ராத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காக்காவின் மனைவி. இருந்த காலத்தில், விடியற்காலையில் இங்கே வெடி கேட்டால் அங்கே சாய்ந்தமருதில் அவர் அடுப்பை மூட்டுவார். மனிசன் வீட்டுக்கு வந்து குழல் கழுவச் சுடுதண்ணீர் வேண்டுமே. ஆனால் காய்ந்த விறகை விட்டுவிட்டு, புகை எழும்பட்டும் என்று ஈரமான தேங்காய்ப் பொச்சுமட்டையைத்தான் வைப்பார். வயலிலிருந்து பார்த்தால் கிழக்கே தென்னைகளுக்கு மேலே, பள்ளிவாசல் மினாராவுக்கு இடப்பக்கம், ஒரு புகை நிமிர்ந்து எழும்பும். அதைக் கண்ட பிறகுதான் காக்கா சைக்கிளை எடுப்பார். இங்கே வெடி, அங்கே புகை. இரண்டு பேருக்கும் இடையில் அதைவிடப் பெரிய கதை பேச்சு இருந்ததாக எனக்குத் தெரியாது.

சீனி வருத்தம் என்கிற நீரிழிவு ராத்தாவைக் கொண்டுபோனது. அதோடு காக்காவுக்கு வீடும் போனது என்பேன். யாரும் பறிக்கவில்லை. எங்கள் பக்கத்து வழமைப்படி மகள் நஜ்லாவின் கலியாணத்துக்கே வீட்டை அவள் பெயரில் எழுதிக் கொடுத்தாயிற்று. ராத்தா இருந்த மட்டும் அது பெஞ்சாதி இருக்கிற வீடு. ராத்தா போன பிறகு அது மருமகன் இருக்கிற வீடு. நஜ்லாவும் அவளுடைய மாப்பிள்ளை மிஹ்லாரும் ஒரு குறை வைக்கவில்லை. பின் அறையில் கட்டில், மின்விசிறி, வாப்பாவுக்கென்று ஓர் எலக்ட்ரிக் கேத்தல்.

"நல்ல புள்ளயள் தம்பி. அதான் கரச்சல். சண்ட பிடிச்சாலாவது கோவிச்சிட்டு வந்து இரிக்கலாம். இப்ப சும்மா வந்து இரிக்க வேண்டிக் கிடக்கு."

வாடியில் ஒரு பாய், ஒரு கேத்தல், ஒரு துவக்கு. காவல் இருக்கும் மட்டும் அவர் அங்கே இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காவல் போனால் பின் அறைக் கட்டில்தான்.

அந்தக் காவலுக்கே வினை வந்தது. காஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்ற வருடம் அது. ராத்தா மௌத்தாகி ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒருநாள் விடிய, தண்ணீர் கட்ட நான் வயலுக்குப் போயிருந்தேன். பன்றிக் கூட்டம் ஒன்றைக் கலைக்கக் காக்கா வெடி வைத்தார். வழக்கம் போலக் கிழக்கே பார்த்தார். மினாராவுக்கு இடப்பக்கம், அதே இடத்தில், புகை எழும்பியது. காஸ் இல்லாமல் நஜ்லா முற்றத்தில் விறகு மூட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். எனக்கு அது உடனே விளங்கியது. காக்கா துவக்கைப் பிடித்தபடியே நின்றார். கண் கலங்கியதா, மருந்துப் புகை பட்டதா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு விடியற்காலை வெடிகள் கூடிவிட்டன. என்ன வந்தது என்றால் பன்றி என்பார். சேற்றில் ஒரு குளம்படி இராது. இந்த மனிதர் பொய் சொல்லி நான் கண்டதே இல்லை. சொல்லவும் தெரியாது, பன்றி என்று சொல்லும்போதே முகம் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு காஸ் வந்தது, முற்றத்து அடுப்பு நின்றது, கிழக்கே வானம் வெறுமையானது. வெடி மட்டும் நிற்கவில்லை.

போன பெரும்போகப் பருவத்தில், அப்படி ஒரு வெடிக்கு யானைதான் வந்துவிட்டது என்று ஓடிவந்த ஷிப்லி என்ற இளந்தாரி வாய்க்காலில் விழுந்து காலை முறித்துக்கொண்டான். வட்டவிதானை பூபாலசிங்கம் மதகடியில் எல்லோரையும் கூட்டினார். காரைதீவு மனிதர், தண்ணீர் பங்கு முதல் காவல் வரை எங்கள் வட்டையில் அவர் சொல்தான் சொல். கடிந்து பேசத் தெரியாதவர். அன்றைக்குப் பேசினார்.

"காக்கா, உங்கட வெடியக் கேட்டுத்தான் சனம் ஓடி வருது. இந்தப் பொடியன்ட காலப் பாருங்க. சும்மா சும்மா வெடி வைச்சா ஆனைக்கும் சத்தம் பழகிரும். பிறகு என்னத்தக் காட்டிக் கலைக்கிற? இனி ஒருக்கா மிருகம் இல்லாம வெடி கேட்டா, காவல வேற ஆளுக்குக் குடுக்க வேண்டி வரும். துவக்கையும் ஒப்படைக்கத்தான் சொல்லுவன். குறை நினைக்காதீங்க."

"சரி விதானையார்" என்றார் காக்கா. அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மதகடியில் இருந்த ஒருவனாவது இரங்காமல் இருந்திருப்பானா? திரும்பி நடக்கும்போது பிடித்துக்கொண்டேன்.

"சொல்லியிருக்கலாமே காக்கா! வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா?"

"என்னத்தச் சொல்ற? மௌத்தான பெஞ்சாதிக்கு வெடி வெச்சன் எண்டா? பைத்தியம் எண்டு அண்டைக்கே துவக்க வாங்கியிருப்பானுகள்." துவக்கை மறு தோளுக்கு மாற்றினார். "அவ வரமாட்டா எண்டு எனக்குத் தெரியாதா தம்பி? நஜ்லாதான் மூட்டினா எண்டும் தெரியும். தெரிஞ்சுதான் பாத்தன். அந்தப் புகையக் கண்டா வீட்ட போகலாம் போல இரிந்திச்சி."

கோபம் போன இடம் தெரியவில்லை.

அதிலிருந்து வாடி அமைதியாகிவிட்டது. விடியற்காலையில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் சிரட்டை மூட்டிக் கேத்தல் வைப்பது நிற்கவில்லை. சுடாத துவக்கைக் கழற்றுவார், ஊற்றுவார். முதல் ஊற்றே தெளிந்த தண்ணீராக வரும். அதையே பார்த்துக்கொண்டு குந்தியிருப்பார். நான் வரம்பைச் சுற்றி வேறு வழியாகப் போய்விடுவேன்.

அறுவடைக்கு ஆட்கள் பேசி வைத்திருந்த நாட்களில், விடியலில் சுபஹு தொழுது கொஞ்சம் வெளிச்சம் வந்த நேரம், நான் என் வயல் வரம்பில் நின்றேன். மேற்கே பூபாலசிங்கத்தின் வயலுக்குள் ஏதோ கறுப்பாக அசைந்தது. தனியன் யானை. முற்றிய கதிரைப் பிடியாய்ப் பிடுங்கிக் காலில் அடித்துத் தின்றுகொண்டிருந்தது. யா அல்லாஹ்! திரும்பிப் பார்த்தால் காக்கா ஏற்கனவே வாய்க்காலில் இறங்கி நடக்கிறார், துவக்கைத் தலைக்கு மேல் பிடித்தபடி.

ஒரு வெடி. கரிமருந்து வெடி காதுக்குள் கேட்காது, நெஞ்சுக்குள் கேட்கும். வெள்ளைப் புகை கதிர்களின் மேல் பாய் விரித்தது போலக் கிடந்தது. யானை காதை விரித்து நின்று யோசித்தது. சத்தம் பழகிவிட்டதோ? அவர் வெற்றுத் தோட்டாவைத் தட்டி எறிந்து, அடுத்ததைப் போட்டு, இன்னும் கிட்டப் போய் மறுபடி வைத்தார். அது திரும்பியது. வாய்க்காலைக் கடந்து, கரையைச் சரித்துக்கொண்டு, மேற்கே போனது.

ஆட்கள் ஓடிவந்தார்கள். காரைதீவுப் பக்கமிருந்து சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்க பூபாலசிங்கமும் வந்தார். சேற்றில் சுளகு அகலத்துக்குப் பதிந்திருந்த காலடியைப் பார்த்தார். தின்றது ஒரு மூலை, மிச்சம் முழுவதும் தப்பியிருந்தது. காக்காவின் தோளில் கை போட்டார்.

"கும்பிடுறன் காக்கா. இனிக் காவலப் பத்தி ஒருத்தரும் கதைக்க மாட்டாங்க. நீங்க இருக்கும் மட்டும் நீங்கதான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் காக்கா. எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள், யானை போன திசையில். அவர் மட்டும் கிழக்கே பார்த்தார். மினாராவுக்கு இடப்பக்கம் வானம் கழுவி விட்டது போலச் சுத்தமாக இருந்தது.

சாரன் மடிப்பில் ஃபோன் அடித்தது. நஜ்லா. பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "வாப்பா, வெடி கேட்டிச்சே, ஒண்டுமில்லையே? உம்மா மாதிரி நானும் உடன சுடுதண்ணி போட்டுட்டன். கேத்தல்ல கொதிக்குது. வாங்க."

"ஓம் மகள். வாறன் மகள்." ஃபோனைச் சாரன் மடிப்பில் செருகிக்கொண்டார். எலக்ட்ரிக் கேத்தலில் ஏது புகை?

ஆட்கள் கலைந்து போனார்கள். காக்கா வாடியடிக்கு வந்து சிரட்டைகளை அடுக்கி நெருப்பு வைத்தார். நன்றாகப் பிடித்து, புகையே இல்லாமல் சிவந்து எரிந்தது. கேத்தலைத் தூக்கி வைத்தார். துவக்கைக் கையில் எடுத்துவிட்டு, மறுபடி சுவரில் சாய்த்தார். வாய்க்காலில் நனைந்து கிடந்த வைக்கோலில் ஒரு பிடி அள்ளி வந்து, அந்த நல்ல நெருப்பின் மேல் போட்டார். புகை கண்ணைக் கரிக்க, நிமிர்ந்து மேலே போனது. அது வாடிக் கூரையைத் தாண்டி எழும்பும் வரை பார்த்து நின்றுவிட்டு, குந்தியிருந்து குழலைக் கழற்றினார்.